எந்த பிரவுசர் வைக்கலாம்? மதுரைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குரோம்தான் ஏற்கெனவே இருக்கிறதே, வேறு எதற்கு?

கம்ப்யூட்டர் ஓரளவு புதியது, 8 ஜிபி ராம் இருக்கிறது, தொல்லை எதுவும் இல்லை என்றால் மாற்றத் தேவையில்லை. ஆனால் கூடவே இன்னொன்றும் இருக்கட்டும். பேங்க், ஜிஎஸ்டி, பத்திரப்பதிவு மாதிரி பணமும் ஆவணமும் புழங்கும் வேலைக்கு ஒரு பிரவுசர், செய்தி, படம், பாட்டு, கண்ட லிங்க் என்று சுற்றுவதற்கு இன்னொன்று. முதலாவதில் எக்ஸ்டென்ஷன் (பிரவுசரோடு ஒட்டிக்கொள்ளும் கூடுதல் சிறு மென்பொருள்) ஒன்றுகூடப் போடக் கூடாது. விண்டோஸில் எட்ஜ் எப்படியும் கூடவே வருவதால் பண வேலைக்கு அதையே வைத்துக்கொண்டு, சுற்றுவதற்கு ஃபயர்ஃபாக்ஸ் போட்டால் செலவில்லாமல் முடிந்தது. எது முதலிடம் என்ற சண்டையைவிட இந்தப் பிரிவினைதான் முக்கியம் என்பது எங்கள் கருத்து.

எல்லாம் உள்ளுக்குள் குரோம்தான் என்கிறார்களே?

பெரும்பாலும் உண்மை. எட்ஜ், பிரேவ், ஓபரா, விவால்டி, சாம்சங் இன்டர்நெட், ஜோஹோவின் உலா எல்லாமே கூகுள் திறந்த மூலமாக வெளியிடும் குரோமியத்தின் மேல் கட்டியவை. பக்கத்தை வரைந்து காட்டும் எஞ்சின் இவை அனைத்திலும் பிளிங்க். மைக்ரோசாஃப்ட் சொந்த எஞ்சினைக் கைவிட்டு 2020 ஜனவரியில் இந்தப் பக்கம் வந்தது. ஓபரா அதற்கு முன்பே, 2013-லேயே வந்துவிட்டது. தனி எஞ்சினோடு நிற்பவை இரண்டுதான்: ஃபயர்ஃபாக்ஸின் கெக்கோ, ஆப்பிள் சஃபாரியின் வெப்கிட்.

இதனால் நடைமுறையில் என்ன பயன் என்றால், ஒரு தளம் குரோமில் திறக்காவிட்டால் பிரேவில் போய்த் திறந்து பார்ப்பது பெரும்பாலும் வீண். ஃபயர்ஃபாக்ஸில் திறந்து பார்த்தால்தான் கோளாறு தளத்திலா, பிரவுசரிலா என்று தெரியும். இரண்டாவது பிரவுசராக ஃபயர்ஃபாக்ஸை நாங்கள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

4 ஜிபி ராம் லேப்டாப். பத்து டேப் திறந்தால் சுத்திக்கிட்டே இருக்கு. எந்த பிரவுசர் லேசானது?

லேசான பிரவுசர் என்று தேடுவதில் பெரிய லாபம் இல்லை. இன்றைய இணையப் பக்கங்கள்தான் கனம். ஒவ்வொரு தளத்தையும் தனித்தனி புராசஸில் அடைத்து வைப்பதற்கும் ராம் செலவாகிறது. ஒரு தளம் இன்னொன்றின் தகவலை எட்டிப் பார்க்காமல் இருக்க 2018 முதல் குரோம் இப்படிச் செய்கிறது.

முதலில் ஷிஃப்ட்டும் எஸ்கேப்பும் சேர்த்து அழுத்துங்கள். குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ் மூன்றிலும் எந்த டேப் எவ்வளவு ராம் தின்கிறது என்ற பட்டியல் வரும். பெரும்பாலும் ஒன்றிரண்டு டேப்பும், எப்போதோ போட்டு மறந்த ஓர் எக்ஸ்டென்ஷனும்தான் மேலே நிற்கும். அதைத் தூக்குங்கள். பிறகு எட்ஜில், பயன்படுத்தாத டேப்பைத் தூங்கவைக்கும் ஸ்லீப்பிங் டேப்ஸை 5 நிமிடத்துக்கு வையுங்கள். குரோமில் செட்டிங்ஸ், பெர்ஃபார்மன்ஸ் போய் மெமரி சேவரை மேக்ஸிமம் ஆக்குங்கள். ஒன்றை மறக்க வேண்டாம்: தூங்கப்போன டேப்பில் பாதி நிரப்பிய விண்ணப்பம் இருந்தால் திரும்பி வரும்போது காலியாக இருக்கலாம். அரசுத் தளங்களின் முகவரிகளை விலக்குப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

யூடியூப் மட்டும் திக்குகிறது, மற்றதெல்லாம் ஓடுகிறது என்றால் அது ராம் பிரச்சினை இல்லை. யூடியூப் இப்போது விபி9, ஏவி1 வடிவங்களில் படம் அனுப்புகிறது. இன்டெல் 7-வது தலைமுறைக்கு முந்தைய சில்லுகளில் விபி9-ஐ முழுமையாகப் பிரிக்கும் வன்பொருள் கிடையாது. புராசஸரே மூச்சுமுட்டி அந்த வேலையைச் செய்கிறது. தரத்தை 480-க்கு இறக்குங்கள், அடங்கிவிடும்.

இத்தனைக்குப் பிறகும் முடியவில்லையென்றால் ராமைக் கூட்டுங்கள், ஹார்ட் டிஸ்க்கை எஸ்எஸ்டியாக மாற்றுங்கள். எந்த பிரவுசர் மாற்றமும் எஸ்எஸ்டிக்கு ஈடாகாது.

அக்காவுக்கு ஸ்கூலில் கொடுத்த அரசு லேப்டாப், விண்டோஸ் 7. குரோம் அப்டேட் ஆகவே மாட்டேங்குது.

ஆகாது. விண்டோஸ் 7, 8.1 இரண்டுக்கும் கடைசி குரோம் 2023 ஜனவரியில் வந்த 109-ஆம் பதிப்பு. அதற்குப் பிறகு அடைத்த ஓட்டைகள் எதுவும் உங்கள் குரோமில் அடைபடவில்லை. ஃபயர்ஃபாக்ஸ் மட்டும் 115 ஈஎஸ்ஆர் என்ற தனிக் கிளையில் இந்தப் பழைய விண்டோஸ்களுக்கான பாதுகாப்புத் திருத்தங்களை அதற்குப் பின்னும் நீட்டித்து வந்தது. அதுவும் தற்காலிக ஏற்பாடுதான். அந்த லேப்டாப்பில் பேங்க் வேலை வேண்டாம்.

அந்தக் கால அரசு லேப்டாப்புகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளமும் இருக்கும்; பலர் அதைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். அதுவும் பழசாகிவிட்டதால் இப்போதைய லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஈ பதிப்பைப் போட்டால் ஃபயர்ஃபாக்ஸ் கூடவே வரும், அப்டேட்டும் வரும். 2 ஜிபி ராமில் மூன்று நான்கு டேப் ஓடும். படிக்கிற பிள்ளைக்கு அது போதும். விண்டோஸ் 10-க்கும் மைக்ரோசாஃப்ட்டின் பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

ஜிஎஸ்டி ரிட்டர்னில் டிஜிட்டல் கையெழுத்து போட மாட்டேங்குது. பிரவுசரை மாற்றினால் சரியாகுமா?

நேதாஜி ரோடு, கீழமாசி வீதிக் கணக்கர்கள் மாதாமாதம் 20-ஆம் தேதி நெருங்கும்போது கேட்கும் கேள்வி. பிரவுசரை மாற்றி மாற்றிப் பார்ப்பதில் பாதி நாள் போய்விடும். என்ன நடக்கிறது என்று தெரிந்தால் எளிது.

யூஎஸ்பி டோக்கனில் உள்ள கையெழுத்தை பிரவுசர் நேரடியாகத் தொட முடியாது. எம்சைனர் என்ற சிறு மென்பொருள் உங்கள் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஓடி 1585-ஆம் போர்ட்டில் காத்திருக்கும். ஜிஎஸ்டி பக்கம் அதோடு பேசும். இந்தப் பேச்சு அறுந்தால்தான் எம்சைனரை மறுபடி தொடங்கச் சொல்லும் செய்தி வரும். வலதுபக்கக் கிளிக்கில் அட்மினிஸ்ட்ரேட்டராக எம்சைனரைத் திறங்கள். பிறகு புது டேப்பில் எச்டிடிபிஎஸ் சேர்த்து 127.0.0.1:1585 என்று அடியுங்கள். பாதுகாப்பு எச்சரிக்கை வரும். இந்த ஒரு முகவரி உங்கள் சொந்தக் கம்ப்யூட்டர் என்பதால் அட்வான்ஸ்டு போய்த் தொடரலாம். பின்பு ஜிஎஸ்டி பக்கத்தைப் புதுப்பித்துக் கையெழுத்திடுங்கள்.

இதோடு புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. 2025 அக்டோபரில் வந்த குரோம் 142 முதல், ஒரு இணையதளம் உங்கள் கம்ப்யூட்டரிலோ வீட்டு நெட்வொர்க்கிலோ உள்ள எதையாவது தொட முயன்றால் குரோம் அனுமதி கேட்கும். அவசரத்தில் பிளாக் கொடுத்தால் எம்சைனர் ஓடிக்கொண்டிருந்தாலும் கையெழுத்து விழாது. முகவரிப் பட்டையின் இடது ஓரக் குறியை அழுத்தி, சைட் செட்டிங்ஸில் லோக்கல் நெட்வொர்க் அக்சஸை அலவ் ஆக்குங்கள். பார்க்கிற எல்லாத் தளத்துக்கும் அலவ் கொடுத்துவிடாதீர்கள்.

கடை கேமரா டிவிஆர் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில்தான் திறக்கும். அது போய்விட்டதே?

2022 ஜூன் 15-ஓடு போனது. ஆனால் எட்ஜுக்குள், தளத்தை இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் போலவே திறக்கும் ஐஈ மோட் இருக்கிறது; குறைந்தது 2029 வரை ஆதரவு உண்டு என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. எட்ஜ் செட்டிங்ஸ், டிஃபால்ட் பிரவுசர் பகுதியில் ஐஈ மோடில் திறக்க அலவ் கொடுத்து, எட்ஜை மூடித் திறந்து, டிவிஆர் முகவரிக்குப் போய் மூன்று புள்ளியில் ஐஈ மோடில் ரீலோட் செய்யுங்கள். 30 நாளுக்கு நினைவில் வைத்துக்கொள்ளும், பிறகு மறுபடி சேர்க்க வேண்டும். தெற்காவணி மூல வீதி நகைக்கடைகளில் இன்னும் பல பழைய டிவிஆர் இப்படித்தான் ஓடுகிறது. கடைக்குள் பார்ப்பதற்கு மட்டும். வெளித் தளம் எதையும் அந்த மோடில் திறக்க வேண்டாம்.

பட்டா, வில்லங்கச் சான்று எடுக்கப் போனால் பிரிண்ட் பட்டனை அழுத்தியும் ஒன்றும் வருவதில்லை.

பாப்-அப் தடுப்புதான் காரணமாக இருக்கும். அரசுத் தளங்கள் பல, சான்றையும் ரசீதையும் புதிய விண்டோவில் திறக்கின்றன. எல்லா பிரவுசரும் அதை விளம்பரம் என்று நினைத்து நிறுத்திவிடும். முகவரிப் பட்டையின் வலது ஓரத்தில் சின்னதாக ஒரு பெட்டிக்குறி தெரியும். அதை அழுத்தி அந்தத் தளத்துக்கு மட்டும் எப்போதும் அனுமதி கொடுங்கள். பணம் கட்டிய பிறகு ரசீது வராவிட்டால் உடனே மறுபடி கட்டாதீர்கள். அனுமதி கொடுத்துவிட்டு பேமென்ட் ஹிஸ்டரியில் பாருங்கள்.

எழுத்து கட்டம் கட்டமாகவோ, சம்பந்தமில்லாத ஆங்கில எழுத்தாகவோ வந்தால் பிரவுசர் குற்றமில்லை. யூனிகோடு என்ற பொது எழுத்துத் தரத்துக்கு முந்தைய வானவில், பாமினி போன்ற எழுத்துருவில் அடித்த ஆவணம் அது. யூனிகோடைத் தமிழக அரசு 2010-லேயே தரமாக ஏற்றுவிட்டாலும் பழைய கோப்புகள் புழக்கத்தில் உண்டு. அந்த எழுத்துருவை நிறுவுங்கள் அல்லது எழுத்துரு மாற்றியில் யூனிகோடாக்குங்கள்.

எந்தத் தளத்தைத் திறந்தாலும் இணைப்பு பாதுகாப்பானதல்ல என்று வருகிறது. பிரவுசர் கெட்டுவிட்டதா?

கம்ப்யூட்டரின் வலது கீழ் மூலையில் தேதியைப் பாருங்கள். பழைய ஜெராக்ஸ் கடைக் கம்ப்யூட்டர்களில் கரண்ட் போய் வந்ததும் தேதி பல வருடம் பின்னால் போய் நிற்கும். பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. உங்கள் கம்ப்யூட்டர் 2012-ல் இருந்தால் அதன் கண்ணுக்கு எல்லாச் சான்றிதழும் செல்லாதவையே. மதர்போர்டில் காசு அளவில் இருக்கும் சிஆர்2032 பேட்டரியை மாற்றினால் தீர்ந்தது. தேதி சரியாக இருந்தும் ஒரே ஒரு தளத்தில் மட்டும் இந்த எச்சரிக்கை வந்தால், அதுவும் பேங்க் தளமாக இருந்தால், உள்ளே போகாதீர்கள்.

ஜல்லிக்கட்டு காளைப் பதிவு திறக்கும்போது பக்கம் நிற்கிறது. எந்த பிரவுசர் வேகம்?

அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் மூன்றுக்கும் பதிவு மாவட்ட இணையதளத்தில் திறக்கும் நேரத்தில் நெரிசல் சர்வரில்தான். வாடிவாசலில் முட்டி மோதுவதால் கதவு அகலமாகிவிடாது. பிரவுசர் எதுவானாலும் ஒன்றுதான்.

செய்யக்கூடியது வேறு: போட்டோவையும் சான்றையும் தளம் கேட்கும் கேபி அளவுக்கு முதல் நாளே சுருக்கி வையுங்கள். ஆதார் எண், முகவரி எல்லாம் நோட்பேடில் இருக்கட்டும். ஒரே படிவத்தை இரண்டு டேப்பில் திறக்காதீர்கள். பல தளங்களில் இரண்டாவது டேப் முதலாவதின் செஷனை அறுத்துவிடும். சப்மிட் கொடுத்த பின் ரீஃப்ரெஷ் அழுத்தினால் இரட்டைப் பதிவு ஆகும் ஆபத்து உண்டு. கேப்ட்சா சரியாக அடித்தும் தப்பு என்றால் பக்கம் பழசாகிவிட்டது என்று அர்த்தம், புதிய கேப்ட்சா எடுங்கள். அப்போதும் அப்படியே என்றால் விளம்பரத் தடுப்பானை அந்தத் தளத்துக்கு அணையுங்கள். டிஎன்பிஎஸ்சி கடைசி நாளுக்கும் இதே வைத்தியம்தான்.

விளம்பரத் தொல்லைக்கு எது சிறந்தது?

ஃபயர்ஃபாக்ஸும் அதில் யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பு எக்ஸ்டென்ஷனும். இதில் எங்களுக்குத் தயக்கமே இல்லை. குரோம் தன் எக்ஸ்டென்ஷன் விதிமுறையை மேனிஃபெஸ்ட் வி3 என்று மாற்றி, பழைய வகையை 2024, 2025-ல் படிப்படியாக நிறுத்தியது. அதனால் முழுமையான யூபிளாக் ஆரிஜின் குரோமில் இப்போது கிடையாது. லைட் என்ற குறைந்த பதிப்புதான். ஃபயர்ஃபாக்ஸில் முழுப் பதிப்பு கம்ப்யூட்டரிலும் ஆண்ட்ராய்டு போனிலும் ஓடுகிறது.

எதையும் தனியாகப் போட விருப்பமில்லை என்றால் பிரேவ். தடுப்பு உள்ளேயே கட்டியிருப்பதால் குரோமின் விதிமாற்றம் அதைப் பாதிக்கவில்லை. கிரிப்டோ வாலட், ரிவார்ட்ஸ் போன்ற குறிகளைச் செட்டிங்ஸில் மறைத்துவிடுங்கள், அவை இல்லாமல் பிரேவ் நல்ல பிரவுசர். ஏதாவது தளம் உடைந்தால் சிங்கக் குறியை அழுத்தி அந்தத் தளத்துக்கு மட்டும் தடுப்பை இறக்கலாம்.

எக்ஸ்டென்ஷன் கடையில் நட்சத்திரத்தைப் பார்த்து எதையும் போடாதீர்கள். லட்சக்கணக்கானோர் நம்பிப் பயன்படுத்திய தி கிரேட் சஸ்பெண்டர் என்ற எக்ஸ்டென்ஷன் கை மாறிய பிறகு அதில் தீங்கான நிரல் நுழைந்தது; 2021 பிப்ரவரியில் கூகுள் அதை நீக்கியது. பிடிஎஃப் மாற்றி, கூப்பன் தேடி வகையறாவைத் தொடவே வேண்டாம்.

பிரவுசிங் சென்டரில் இன்காக்னிடோ போட்டால் பாதுகாப்புதானே?

பாதிதான். விண்டோவை மூடியதும் குக்கியும் ஹிஸ்டரியும் போகும். டவுன்லோட் செய்த கோப்பு போகாது, அதுதான் பெரிய ஓட்டை. மாட்டுத்தாவணியிலோ கோரிப்பாளையத்திலோ ஒரு கடையின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்தால் பலருடைய ஆதார் பிடிஎஃப் வரிசையாகக் கிடப்பது சாதாரணம். இ-ஆதாரின் பாஸ்வேர்டு பெயரின் முதல் 4 எழுத்தும் பிறந்த வருடமும். பெயரும் பிறந்த வருடமும் தெரிந்த யாரும் திறக்கலாம். பிரிண்ட் எடுத்ததும் ஷிஃப்ட் டெலிட்டில் அழித்துவிட்டு எழுந்திருங்கள். பிரிண்டுக்காக வாட்ஸ்அப் வெப் திறந்தால் போனிலிருந்தே லிங்க்டு டிவைசஸில் லாக்-அவுட் செய்யுங்கள்.

கடைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: வாடிக்கையாளரை குரோமின் கெஸ்ட் மோடில் உட்கார வையுங்கள். உங்கள் சாதாரண விண்டோவில் அவர் ஜிமெயில் திறந்தால், ஒரு கிளிக்கில் அவர் கணக்கு உங்கள் குரோமோடு சேர்ந்துகொள்ளும், அவர் பாஸ்வேர்டுகளும் வந்து இறங்கலாம். இருவருக்கும் வம்பு.

போனில் எது?

சாம்சங் போன் என்றால் கூட வரும் சாம்சங் இன்டர்நெட்டே நல்லது. விளம்பரத் தடுப்பானைச் சேர்க்கலாம், பட்டன்கள் கீழே இருப்பதால் ஒரு கையில் ஆளலாம். மற்ற ஆண்ட்ராய்டில் குரோமும் ஃபயர்ஃபாக்ஸும். ஆண்ட்ராய்டு 8, 9-க்குக் கடைசி குரோம் 138 என்பதால் அந்தப் போன்களில் ஃபயர்ஃபாக்ஸைப் பாருங்கள். ஐபோனில், இந்தியாவில், எந்தப் பெயரில் போட்டாலும் உள்ளே வெப்கிட்தான்; சஃபாரியே போதும்.

ஓபரா மினி உசிலம்பட்டி, பேரையூர்ப் பக்கம் சிக்னல் குறைந்த இடத்தில் இன்னும் கைகொடுக்கும். ஆனால் அதன் எக்ஸ்ட்ரீம் மோடில் பக்கம் முதலில் ஓபராவின் சர்வருக்குப் போய்ச் சுருங்கித்தான் உங்களிடம் வருகிறது; செய்தி படிக்கலாம், பேங்க் பாஸ்வேர்டு அடிக்கக் கூடாது. யூசி பிரவுசரை இந்திய அரசு 2020 ஜூன் 29-ல் தடை செய்த 59 செயலிகளில் ஒன்றாக நிறுத்தியது. எங்கிருந்தோ ஏபிகே (செயலியை நிறுவும் கோப்பு) வாங்கிப் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள்.

அம்மாவுக்குக் கண் மங்கல். பக்கத்தை வாசித்துக் காட்டுமா?

எட்ஜ் அருமையாகச் செய்யும். தமிழ்ப் பக்கத்தைத் திறந்து கன்ட்ரோல், ஷிஃப்ட், யூ மூன்றையும் அழுத்துங்கள். குரல் பட்டியலில் தமிழ் இந்தியா என்பதில் பல்லவி, வள்ளுவர் என்று இரண்டு இருக்கும். இலங்கை, சிங்கப்பூர், மலேசியத் தமிழ்க் குரல்களும் உண்டு. வேகத்தைக் கொஞ்சம் குறைத்து வைத்தால் செய்தித்தாளை வீட்டில் ஒருவர் படித்துக் காட்டுவதுபோலவே கேட்கும். நெட் வேண்டும். எழுத்து மட்டும் பெரிதானால் போதும் என்றால் எந்த பிரவுசரிலும் கன்ட்ரோலும் கூட்டல் குறியும்.

வைரஸ் வந்துவிட்டது என்று மூலையில் வந்துகொண்டே இருக்கிறது. பிரவுசரை அழித்துப் போடவா?

வேண்டாம். ஏதோ ஒரு தளத்துக்கு அலவ் கொடுத்திருப்பீர்கள். அதன் நோட்டிபிகேஷன் அது. குரோமில் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிபிகேஷன்ஸ். அனுமதித்த பட்டியலில் தெரியாத பெயர்களையெல்லாம் நீக்கிவிட்டு, இனி யாரும் கேட்கவே கூடாது என்ற தேர்வைப் போட்டுவிடுங்கள். படம் பார்க்கும் திருட்டுத் தளங்கள்தான் பெரும்பாலும் இதன் ஊற்று. அந்தச் செய்தியில் வரும் எண்ணுக்குப் போன் செய்ய வேண்டாம்.

உலா நம்ம ஊர் பிரவுசர், போடலாமா?

போடலாம். ஜோஹோ 2023-ல் வெளியிட்டது. 2025-ல் மத்திய அரசின் இந்திய பிரவுசர் போட்டியில் முதல் பரிசு பெற்றது. வேலை, சொந்தம், குழந்தைகள் என்று தனித்தனி மோட் இருப்பது ஒரே கம்ப்யூட்டரை வீடே பயன்படுத்தும் இடத்தில் உதவும். எஞ்சின் குரோமியம்தான் என்பதால் தளங்கள் திறப்பதில் குரோமுக்கும் இதற்கும் வித்தியாசம் இருக்காது. எந்தக் குரோமியம் பிரவுசருக்கும் எங்கள் உரைகல் ஒன்றே: கூகுள் ஒரு ஓட்டையை அடைத்த பிறகு இவர்கள் எத்தனை நாளில் அந்தத் திருத்தத்தைத் தருகிறார்கள்? அபௌட் பக்கத்தில் குரோமியம் எண்ணைப் பார்த்து, அன்றைய குரோமின் எண்ணோடு ஒப்பிடுங்கள். இரண்டு மூன்று பதிப்பு பின்தங்கியிருந்தால் பண வேலைக்கு வேண்டாம்.

தானாகத்தான் அப்டேட் ஆகிறதே, பார்க்க வேண்டுமா?

இறங்குவது தானாக. மாட்டிக்கொள்வது பிரவுசரை மூடித் திறந்தால்தான். பிரவுசரை மூடாமல் வாரக்கணக்கில் லேப்டாப்பின் மூடியை மட்டும் மூடி வைப்பவர்களிடம் மூன்று புள்ளிக்குப் பக்கத்தில் அப்டேட் குறி சிவந்துபோய் நிற்கும். வாரம் ஒருமுறை பிரவுசரை முழுதாக மூடுங்கள்.

ஏஐ பிரவுசர் என்று புதிதாக வருகிறதே?

பெர்ப்ளெக்சிட்டியின் காமெட், ஓப்பன்ஏஐயின் அட்லஸ் இரண்டும் 2025-ல் வந்தவை. ஒரு பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாமல் ஒளித்து எழுதிய கட்டளையை உங்கள் கட்டளை என்று நம்பி ஏஐ செயல்படும் அபாயம் இன்னும் முழுதாகத் தீரவில்லை. வேடிக்கை பார்க்கலாம். பேங்க், மெயில் லாகின் அதில் வேண்டாம்.

மாற்றினால் பழைய புக்மார்க், பாஸ்வேர்டு எல்லாம் போய்விடுமா?

போகாது. புதிய பிரவுசரின் செட்டிங்ஸில் இம்போர்ட் என்று தேடுங்கள். பழையது அதே கம்ப்யூட்டரில் இருந்தால் புக்மார்க், ஹிஸ்டரி, பெரும்பாலும் பாஸ்வேர்டும் வந்துவிடும். லாகின் நிலையும் எக்ஸ்டென்ஷனும் பெரும்பாலும் வராது. பாஸ்வேர்டு வரவில்லையென்றால் பழையதிலிருந்து சிஎஸ்வி கோப்பாக எடுக்கலாம், ஆனால் அது பூட்டில்லாத வெறும் எழுத்து. ஏற்றி முடித்ததும் ரீசைக்கிள் பின்னிலிருந்தும் அழியுங்கள். ஃபயர்ஃபாக்ஸ் போட்டவர்கள், சேமித்த பாஸ்வேர்டுகளுக்குப் பூட்டுப் போடும் பிரைமரி பாஸ்வேர்டை அமைத்துக்கொள்ளுங்கள். இயல்பாக அது அணைந்தே இருக்கும்.

பேங்க் புக்மார்க்குகளை மட்டும் அப்படியே கொண்டுவராமல் புதிதாக வையுங்கள். ரிசர்வ் வங்கி உத்தரவுப்படி 2025 அக்டோபர் 31-க்குள் இந்திய வங்கிகள் டாட் பேங்க் டாட் இன் என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டியிருந்தது. புதிய முகவரியைப் பாஸ்புக்கிலோ கிளையிலோ சரிபார்த்து, ஒருமுறை கையால் அடித்துத் திறந்து புக்மார்க் செய்யுங்கள். பழைய பிரவுசரை ஒரு மாதம் அழிக்காமல் வைத்திருங்கள். மறந்துபோன லாகின் ஏதாவது அதில்தான் இருக்கும்.